எழுபத்தைந்தைத் தாண்டினால்

வண்டி ஆடுகிறது என்றேன் நான். ஆடவில்லை என்றார் என் வீட்டுக்காரர். சித்திரையில் ஆரம்பித்த இந்தச் சண்டை ஆடி மாதம் வரைக்கும் ஓடியது. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே வேகம். எனக்கு ஆடும், அவருக்கு ஆடாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷர் அவர். நான் மட்டும் லேசா? முயலைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு, ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்ண வைக்காமல் விட மாட்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற மேம்பாலத்தில்தான் அது முதலில் தெரிந்தது. பெங்களூருக்குள் வேறெங்கே எழுபத்தைந்தைத் தொட முடியும்? கீழே ரோட்டில் முப்பதில் போனாலே குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான்தான் ஓட்டினேன். பாலத்தில் ஏறி முள் எழுபத்தைந்தைத் தாண்டியதும் என் பாதத்துக்கு அடியில் தரை கிடுகிடுவென்று உதறியது. ஓடுகிற மாவு மில்லுக்குள் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி. வேகத்தைக் குறைத்தேன், நின்றுவிட்டது. ஏற்றினேன், மறுபடி வந்தது.

"ஏங்க, வண்டி ஆடுதுங்க."

"இன்னா ஆடுது? ஸ்டீரிங்கைப் பாரு, கல்லு மாதிரி நிக்குது."

"ஸ்டீரிங் இல்ல. கீழ. காலுக்குக் கீழ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷூ போட்ட இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. பாலத்து ஜாயின்ட்டு. பாலம்னா ஜாயின்ட்டு இருக்காதா?"

ஜாயின்ட் என்றால் தடக் தடக் என்று விட்டு விட்டு வரும். இது விடாமல் வந்தது. சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலக வளாகத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு சூப்பர்வைசர். இருபது வருஷத்துக்கு மேல் லிஃப்டோடு வாழ்கிறவர். "லிஃப்டுல ஏறி நின்னா போதும், இன்னா கோளாறுன்னு கால் சொல்லிடும்" என்பது அவர் பீற்றிக்கொள்கிற வசனம். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கல்யாண மண்டப லிஃப்டில் ஏறி, இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் "லிஃப்ட்டு ஓடுற ரெயில்ல க்ரீஸ் இல்ல" என்று சொல்லி என்னை அசத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளிடம் போய், அல்சூரில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் டோக்கன் கொடுக்கிற நான், வண்டி ஆடுகிறது என்று சொன்னால் எடுபடுமா?

வேலை நாளில் அவர் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நான். நாற்பதுக்கு மேல் கற்றுக்கொண்ட டிரைவிங், விட்டால் மறந்துபோகும் என்று வாராவாரம் அந்தப் பாலத்தில் ஒரு முறை போய் வருவோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஒரு தடவை செருப்பு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கியதிலிருந்து அப்படி. அவர் ஷூவோடு ஓட்டுவார். அதோடு இடுப்பு வலிக்கென்று ஒரு தடித்த பஞ்சு மெத்தை வைத்திருந்தார். எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் மகாராஜா மாதிரி அது அவருக்கு அடியில் வந்துவிடும்.

போனால் போகிறது என்று நான் விட்டிருப்பேன். விட முடியாதபடி ஒரு காரியம் இருந்தது. போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது இந்த மனுஷர், கிருஷ்ணகிரி தாண்டி இருக்கிற அவர் ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். இவள் நல்லபடியாக எழுந்து வந்தால் ஆடித் திருவிழாவில் நான் தீ மிதிக்கிறேன் என்று. எழுந்து வந்துவிட்டேன். ஆடியும் வரப்போகிறது. திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு போக எனக்கு இன்னும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வண்டியில்தான் போக வேண்டும். அந்த உதறலோடு ஹைவேயில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நான் வர மாட்டேன். சக்கரம் கழன்று போய்ச் சேர்ந்தால் யாருக்காக யார் தீ மிதிப்பது?

தீ மிதிப்பது அவருக்குப் புதிதில்லை. வாலிபத்தில் மிதித்தபோது சுட்டதாம், நாலே எட்டில் ஓடிவிட்டாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் மிதித்ததை நானே பார்த்தேன். எல்லோரும் ஓட, இவர் மட்டும் நிதானமாக நடந்தார். எங்கள் ஊரில் தீமிதியைப் பூமிதி என்றும் சொல்வார்கள். நிஜமாகவே பூவை மிதிக்கிறவர் மாதிரி நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். "சுடவே இல்ல. அம்மா தூக்கிப் பிடிச்சிக்கிட்டா" என்றார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. காலில் ஒரு கொப்புளம் மட்டும் ரொம்ப நாள் ஆறாமல் கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் போனது எங்கள் வீட்டுக்கு அருகே இருக்கிற மெக்கானிக்கிடம். கன்னடக்காரர், நல்ல மனுஷர். எத்தனை வருஷம் பெங்களூரில் இருந்தாலும், கோபம் வந்தால் என் கன்னடத்துக்குள் தமிழ் புகுந்துவிடும். வண்டி ஆடுகிறது என்று சொல்வதாக நினைத்து, "காடி ஆடுத்தெ" என்றேன். தமிழில் ஆடுவது என்றால் உதறுவதும் ஆடுவதுதான், விளையாடுவதும் ஆடுவதுதான். கன்னடத்தில் அப்படி இல்லை. உதறுகிறது என்றால் 'அல்லாடுத்தெ' என்றிருக்க வேண்டும். 'ஆடுத்தெ' என்றால் விளையாடுகிறது. விளையாட்டுக்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் வேறு அர்த்தம்.

"ப்ளேயா? ப்ளே இதெயா?" என்று உற்சாகமாக எழுந்தார். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரம் வரை எங்காவது இணைப்பு லொடலொடவென்று தளர்ந்திருந்தால் அதற்கு ப்ளே என்று பேர். நானும் ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று, "அதுதான், அதுதான்" என்று தலையாட்டினேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைப் பிடித்து உலுக்கி, ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த நாலைந்து சாமானை மாற்றிவிட்டார். டெஸ்ட் டிரைவ் என்று அல்சூர் ஏரியைச் சுற்றிக் கூட்டிப்போனார். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சுற்று. "நோடி மேடம், வெண்ணெ மாதிரி போவுது" என்றார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் மாட்டுவண்டிகூட வெண்ணெய் மாதிரிதான் போகும்!

அடுத்த ஞாயிறு பாலத்தில் ஏறினோம். எழுபத்தைந்து. கிடுகிடு. அச்சு அசல் அதே.

"உங்களுக்குத் தெரியலைன்னா அதுக்குக் காரணம் ஷூவு. கழட்டிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றேன். பாலம் முடிந்து இறங்கியதும் ஆள் மாறினோம். பஞ்சு மெத்தை அவரோடு இடம் மாறியது. என் தொல்லை தாங்காமல் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பி அதே பாலத்தில் ஓட்டினார். எழுபத்தைந்து வந்தது. என் பாதம் உதறுகிறது, முழங்கால் வரைக்கும் ஏறுகிறது. அவர் முகத்தைப் பார்க்கிறேன். கோயில் யானை மாதிரி அசையாமல் இருக்கிறது.

"இப்ப?"

"ஒரு மண்ணும் இல்ல."

"பொய் சொல்றீங்க."

"எனக்கு இன்னாத்துக்குடி பொய்? ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு நரம்பு வீக் ஆயிடுச்சி. டாக்டர்கிட்ட காட்டு, வண்டிய விடு."

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நானும் உள்ளூர அதை யோசித்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெட்ரோவில் போனால் செருப்பை லேசாகக் கழற்றித் தரையில் பாதத்தை வைத்துப் பார்ப்பேன். வீட்டில் கிரைண்டர் ஓடும்போது போய் அதன் பக்கத்தில் நிற்பேன். கிளினிக்கில் உள்ளே பல்லைக் குடைகிற மெஷின் ஓடினால் என் மேசை அதிர்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். எல்லாம் ஆடுகிற மாதிரியும் இருந்தது, எதுவும் ஆடாத மாதிரியும் இருந்தது. டோக்கன் நம்பரை மாற்றிக் கூப்பிட்டு ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் இவர் வேறு, "அந்த மூணாவது டவர்ல இருக்கிற ஐ.டி. பசங்களுக்கு இதே பேஜாரு. லிஃப்ட்டு ஆடுது, லிஃப்ட்டு ஆடுதுன்னு மெயில் மேல மெயில். போய் நின்னு பாத்தேன், ஒண்ணும் இல்ல. இப்ப ஊருக்கே நரம்பு வீக்கு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஆடி பிறந்தது. திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கடைசி முயற்சியாக ஓசூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். கடைக்காரர் உருது கலந்த தமிழ் பேசுகிறவர். இந்தத் தடவை நான் வாயைக் கட்டினேன். ஆட்டம், ப்ளே என்று எந்தப் பேரும் வைக்காமல், எங்கே எப்போது என்று மட்டும் சொன்னேன்.

"ஸ்டீரிங்ல இல்ல, தரையில வருதா அக்கா? அப்ப பின்னாடி சக்கரமா இருக்கும்" என்றார். நாலு சக்கரத்தையும் கழற்றி மெஷினில் சுற்றவிட்டு, எடை சரியில்லாத இடத்தில் சின்னச் சின்ன ஈயக்கட்டிகளை அடித்துப் பொருத்தினார். ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் போகவில்லை. திரும்பி வந்தேன். மனுஷர் தாடியைச் சொறிந்தார். "அரே, மெஷின் எல்லாம் சரின்னுதான் சொல்லுது. வேற எதுனா இருக்கும், ஆக்ஸில் பாக்கணும்" என்று கையை விரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். "சரி, பின்னாடி இருக்கிறத முன்னாடி போடுங்க, முன்னாடி இருக்கிறத பின்னாடி போடுங்க. ஆட்டமும் கூடவே இடம் மாறுதான்னு பாக்கலாம்" என்றேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. வீட்டில் லைட் எரியவில்லை என்றால் பல்பு போச்சா ஹோல்டர் போச்சா என்று பார்க்க நாம் செய்கிறதுதான். அவரும், இந்த அம்மா இடத்தைக் காலி செய்தால் சரி என்று மாற்றிப் போட்டுக் கொடுத்தார்.

"நான் ஓட்றேன், தள்ளு" என்று என் வீட்டுக்காரர் ஏறினார். சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தவர். பாலத்தில் ஏறினோம். அறுபது. எழுபது. எழுபத்தைந்து.

"ஏய்!" என்று கத்தினார். "ஆடுதுடி! ஸ்டீரிங்கு ஆடுது! தோ பாரு, கை எப்படி உதறுது பாரு!"

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. மூன்று மாதத்துக் கோபமெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "பாத்தீங்களா? அதே டயர்தான். பின்னாடி இருந்தது முன்னாடி வந்திருக்கு, அவ்ளோதான். நரம்பு வீக்குன்னீங்களே, யாருக்கு வீக்கு? இத்தன நாளும் இதே உதறல்தான் உங்க காலுக்கு அடியில இருந்திச்சி. உங்க கைக்குத் தெரியுது, ஆனா உங்க காலுக்கு மட்டும்..."

அங்கே என் வாய் நின்றுவிட்டது.

நான் ஏன் பாதியில் நிறுத்தினேன் என்று அவர் கேட்கவில்லை. ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமா ஆமா, ஆடுது" என்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. கடைத்தெருவிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தாரே, மற்றது எங்கே விழுந்தது என்றே தெரியாமல். தெருவே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். சித்திரை வெயிலில் கோயில் கருங்கல் தளத்தில் நாங்களெல்லாம் ஐயோ ஐயோ என்று குதித்து ஓட, இவர் மட்டும் ஆற அமரப் பிரகாரம் சுற்றினாரே. தீ மிதிச்ச காலுக்கு வெயில் எம்மாத்திரம் என்றாரே. பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

அந்தப் பாலத்தில் நடுவில் வண்டியை நிறுத்த முடியாது. இறங்கவும் வழி கிடையாது. அது முடிகிறவரைக்கும் நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னேன். டோல் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஷூவைக் கழட்டுங்க."

"மறுபடியுமா? அதான் ஆடுதுன்னு ஒத்துக்கிட்டனே!"

"கழட்டுங்கன்றேன் இல்ல?"

அவர் கழற்றுகிற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. நானே குனிந்து வலது கால் ஷூவை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு ஜல்லிக்கல் ரோட்டில் விழுந்தது. சுண்டைக்காய் அளவு. சாக்ஸின் அடிப்பக்கம் ஈரமாக ஒட்டியிருந்தது. பிரித்தால் கட்டைவிரலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம். அந்தக் கல்லின் மேல்தான் காலையிலிருந்து நடந்திருக்கிறார். டயர் கடையில் அதோடுதான் உலாத்தியிருக்கிறார்.

"எப்ப வந்துச்சி இது?" என்று என்னைக் கேட்டார். தன் காலை யாருடையதோ மாதிரிப் பார்த்தார்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அது ரத்த உறவுக்குச் சொல்கிற சொல். புருஷனுக்கும் பொருந்தும் என்று அந்த டோல் ரோட்டோரத்தில் தெரிந்துகொண்டேன். உடம்பெல்லாம் நடுங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அங்கிருந்து நான் ஓட்டினேன், கீழ் ரோட்டில், ஊர்ந்து. டயர் கடைக்காரர் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெல்லச் சுற்றி, இந்தத் தடவை கண்ணை அதன் மேலேயே வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் டயர் முதுகு லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது, எடை சரியாக இருந்தாலும் ஓட்டத்தில் தூக்கிப்போடும் என்றார். புது டயர் போட்டார். அவ்வளவுதான் வண்டிக்கு. ஒரு மணி நேர வேலை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண், பொறுமையான பெண். இரண்டு கவை உள்ள ஓர் இரும்பை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். ரீங் என்று அதிர்ந்தது. அதன் காம்பை இவருடைய கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிர்வு தெரியுதா சார்? கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க."

"தெரியுது."

"நின்னதும் சொல்லுங்க."

டாக்டர் உடனேயே அந்தக் கவையை விரலால் பிடித்து நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தெரியுது... தெரியுது... இன்னும் தெரியுது" என்றார். பரீட்சையில் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்கிற மாதிரி. 

"நான் அப்பவே நிறுத்திட்டேன் சார்" என்றார் டாக்டர்.

 கணுக்காலில் வைத்தபோதும் தெரியவில்லை. முழங்காலில்தான் தெரிந்தது. கைவிரல்களில் நன்றாகத் தெரிந்தது. அதுவரைக்கும் நல்லது என்றார் டாக்டர். சர்க்கரை கால் நரம்பைத் தின்றிருக்கிறது, போனது முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது, பிரேக்கில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்றே தெரியாது என்பதால் இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் தீமிதியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், கால் போயிடும்" என்றார்.

வெளியே வந்து வண்டிப் பக்கம் நின்றோம். அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பிடித்தும் அவர் விடவில்லை.

"போன தடவ சுடவே இல்லியே" என்றார். "அப்ப அது அம்மா இல்லையா? சக்கரையா?"

 முயலை அவர் முன்னால் போட்டு எண்ணிக் காட்ட வேண்டும் என்று கிடந்தவள் நான். எண்ணியாகிவிட்டது. ஜெயித்த வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. "ரெண்டும் இருக்கும்ங்க" என்றேன். அவர் சாவியை விட்டார்.

 அல்சூரில் எங்கள் சந்துக்குள் திரும்பும்போது கூட வேலை செய்கிற பையன் ஒருவனுக்குப் போன் போட்டார். "தம்பி, அந்த மூணாவது டவர் லிஃப்ட்டுல நீ ஒரு வாட்டி ஏறி நின்னு பாரு. நான் பாத்ததை நம்பாத. ஆடுதான்னு நீ சொல்லு" என்றார். பதில் வந்தபோது வண்டி நின்றிருந்தது. லிஃப்ட் ஆடுகிறதாம்.

திருவிழாவுக்குப் போனோம். வர மாட்டார் என்று நினைத்தேன், அவர்தான் கிளம்பு என்றார். நான் ஓட்டினேன். ஓசூர் தாண்டி எண்பதைத் தொட்டும் தரை குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. கோயில் எல்லைக்குள் செருப்போடு போகக் கூடாது, இவர் செருப்பில்லாமல் நிற்கக் கூடாது. அதனால் எல்லைக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், டாக்டர் சொல்லி வாங்கின பட்டை வைத்த புது ஷூவோடு வண்டியில் சாய்ந்து நின்றார். காப்பு கட்டிக்கொண்ட அவருடைய அண்ணன் மஞ்சள் வேட்டியோடு தேடிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா, வேண்டிக்கிட்டு வந்து இங்க நிக்கிற? போன தடவ நீ நடந்தத ஊரே இன்னும் பேசுது. உனக்குத்தான் சுடாதே!"

"அதான்ணா" என்றார் இவர். "சுடாத கால வெச்சிக்கிட்டு தீ மிதிச்சா அதுக்குப் பேரு வேண்டுதலா? அம்மாவ ஏமாத்துறது. என் காலு சுடட்டும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். சுட்டா வந்து மிதிக்கிறேன்."

அண்ணனுக்குப் புரிந்ததோ இல்லையோ, தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே போய், தீக்குழியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கயிற்றோரத்துத் தரையே என் உள்ளங்காலில் கொதித்தது. திரும்பி வந்ததும் முதல் கேள்வியாக, "தரை சுட்டுச்சா?" என்றார். சுட்டது என்றேன். எப்படி, எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சின்னப் பிள்ளை கதை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி ரோடு விரிந்தது. பக்கத்து சீட்டில் பஞ்சு மெத்தை மேல் உட்கார்ந்து பேசாமல் வந்தார். "ஹாரன் அடி", "லாரிய ஒட்டாத", "கியர மாத்து" என்று வழியெல்லாம் என் உயிரை வாங்குகிற ஆள், வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. ஒரு சண்டையாவது போடட்டும் என்று இருந்தது. எழுபத்தைந்து வந்ததும், வண்டி அசையாமல் போய்க்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றே சொன்னேன்.

"ஏங்க, வண்டி ஆடுதுங்க."

ஆடலைடி, உன் நரம்பு என்பார் என்று காத்திருந்தேன். தெருக் கோணல் என்று ஆரம்பித்தால் திருப்பிக் கொடுக்கப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஆடுதா? அப்ப ஓட்டாத. ஓரங்கட்டு, மெதுவா ஓரங்கட்டு" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓரங்கட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டார். அந்தப் பட்டை வைத்த ஷூவோடு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகப் போய்க் குனிந்து, டயரின் முதுகை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். நாலையும் பார்த்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும்."